பிள்ளை கண்ணைச் சிமிட்டினால் ரொட்டியை நிறுத்தாதீர்கள்

ஆறேழு வயதில் ஒரு பிள்ளை திடீரென்று கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டத் தொடங்குகிறது. லயத்துக் குசினியில் விறகுப் புகை, அதனால்தான் என்று முதலில் நினைப்போம். கண் டொக்டரிடம் காட்டினால் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பார். இரண்டு மாதத்தில் சிமிட்டல் தானாகவே குறைந்து, தொண்டையைச் செருமுவது ஆரம்பிக்கும். பனிக்காலம், சளி பிடித்திருக்கும் என்று மல்லித் தண்ணி வைத்துக் கொடுப்போம், டிஸ்பென்சரியில் சிரப் வாங்குவோம். செருமல் நிற்கும்போது தோள் குலுங்க ஆரம்பித்திருக்கும். அதற்குள் வீட்டில் ஒருத்தர் "கெட்ட பழக்கம், ரெண்டு போட்டா சரியாகும்" என்பார், இன்னொருத்தர் கோயிலில் நூல் கட்டச் சொல்வார், வகுப்பில் பின் வாங்குப் பையன்கள் அதையே செய்து காட்டிச் சிரிப்பார்கள்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறவள் நான். டொக்டர் இல்லை. ஆனால் இந்தக் கதை ஏறக்குறைய இதே வரிசையில் வருடா வருடம் எங்கள் வகுப்பறைகளுக்கு வருகிறது. இப்போது அதோடு புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. யூடியூப் பார்த்துவிட்டு "கோதுமை மாவை நிறுத்தினால் நரம்பு அடங்குமாம்" என்று பிள்ளைக்குக் காலை ரொட்டியை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு டிக் என்று பெயர். நினைக்காமலே வரும் சின்னச் சின்ன அசைவுகள், ஒலிகள்: கண் சிமிட்டல், மூக்கை உறிஞ்சுவது, கழுத்தை வெட்டுவது, செருமல், சில பிள்ளைகளுக்கு ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வது. பாடசாலை வயதில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வரை ஏதோ ஒரு கட்டத்தில் இது வந்து போகலாம், பெரும்பாலும் சில மாதங்களில் போய்விடும். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்து, குறைந்தது இரண்டு அசைவு டிக்கும் ஒரு ஒலி டிக்கும் இருந்தால் அதை டூரெட் என்கிறார்கள். 1885ல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட்டின் பெயர் அது. கெட்ட வார்த்தை கத்துவதுதான் டூரெட் என்று சினிமா பார்த்து நினைக்கிறவர்கள் பலர். உண்மையில் அப்படி வருவது பத்தில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. ஆண் பிள்ளைகளுக்குத்தான் மூன்று நான்கு மடங்கு அதிகம்.

காரணத்தில் பெரும்பங்கு பரம்பரை. தேவையில்லாத அசைவுகளைத் தடுத்து நிறுத்த வேண்டிய மூளைச் சுற்றுகள் கொஞ்சம் தளர்வாக வேலை செய்கின்றன, டோபமைன் என்ற இரசாயனம் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தாய் வளர்த்த விதத்தாலோ, பிள்ளை சாப்பிட்ட சாப்பாட்டாலோ டிக் உண்டாவதில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கிற டிக் இன்றைக்குக் கூடுவதும் குறைவதும் சுற்றுப்புறத்தைப் பொறுத்து நிறையவே மாறும். உண்டாக்குவது வேறு, கிளப்பிவிடுவது வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் சுலபம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிக் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்காது. சில வாரம் கொட்டித் தீர்க்கும், அப்புறம் ஒரு காரணமும் இல்லாமல் அடங்கும், மறுபடி வரும். நாம் மருந்து தேடி ஓடுவது எப்போது? கொட்டித் தீர்க்கிற வாரத்தில்தானே? அந்த உச்சத்தில் எதைச் செய்தாலும், நூல் கட்டினாலும் சீனியை நிறுத்தினாலும் விலை கூடிய விற்றமின் வாங்கினாலும், அடுத்த சில வாரத்தில் அது எப்படியும் குறையத்தான் போகிறது. குறைந்ததும் கடைசியாகச் செய்ததற்குப் பேர் கிடைத்துவிடும். சாப்பாட்டை மாற்றி என் பிள்ளைக்கு முற்றாகச் சுகமானது என்று ஒரு தாய் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் மாற்றியவர்களையும் மாற்றாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கோதுமைக் கதைக்குப் பின்னால் ஸ்பெயினில் செய்து 2018ல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. 29 பேர் ஒரு வருடம் கோதுமைப் புரதமான குளூட்டனை விட்டார்கள், டிக் குறைந்தது என்கிறது அது. ஆனால் விடாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடவில்லை, யார் என்ன சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. ஒரு வருடத்தில் வளர்கிற பிள்ளைக்குத் தானாகவே குறைந்திருக்கவும் இடமுண்டு. இதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்துப் பிள்ளையின் ரொட்டியை எடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். நம் லயங்களில் காலையில் அடுப்பில் விழுவது கோதுமை மா ரொட்டிதான், அதை எடுத்துவிட்டால் பதிலுக்கு வைக்க அனேக வீடுகளில் வேறொன்றும் இல்லை. 2016ல் நாடு தழுவி எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் இந்த இலக்கத்தைப் பாருங்கள். குளூட்டன் ஒத்துவராத சீலியாக் நோய் இருப்பதாக டொக்டர் பரிசோதித்துச் சொன்னால் அது வேறு விஷயம்.

சரி, சாப்பாட்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது ரொட்டித் தட்டில் இல்லை, பக்கத்தில் இருக்கிற கோப்பையில் இருக்கிறது.

தேயிலை விளைகிற இடம் இது. மாதா மாதம் தோட்டத்தில் தூள் கிடைக்கிறது, பால்மா வாங்கக் காசு இல்லாத வீட்டிலும் சாயம், அதாவது பால் கலக்காத தேநீர், இருக்கும். காலை பெரட்டுக்குப் போகும் முன் அம்மா ஊற்றி வைத்துவிட்டுப் போகிற பிளேன்டீ, பாடசாலை விட்டு வந்ததும் ஒன்று, இருட்டியதும் குளிருக்கு ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஆற்றிக் கொடுப்போம். ஒரு கோப்பை சாயத்தில், தூளின் அளவையும் கொதிக்கிற நேரத்தையும் பொறுத்து, 40, 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 60 வருகிறது. நம் வீடுகளில் தூள் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு எடுக்கிற கட்டிச் சாயம் இரண்டு கோப்பை போனாலே அதைத் தாண்டிவிடும்.

கஃபீன் என்ன செய்கிறது? மூளையை நிதானப்படுத்துகிற அடினோசின் என்ற பொருளின் வேலையை அது மறிக்கிறது. அசைவுகளைக் கட்டுப்படுத்துகிற இடத்தில் அடினோசினும் டோபமைனும் எதிரெதிராக இழுக்கின்றன, ஒன்றை மறித்தால் மற்றதன் கை ஓங்கும். 2008ல் ஜெர்மனியில் டூரெட் உள்ள 224 பேரிடம் எந்தச் சாப்பாட்டுக்கு டிக் கூடுகிறது என்று கேட்டபோது, கோலா, கோப்பி, கறுப்புத் தேநீர், வெள்ளைச் சீனி, பதப்படுத்தும் இரசாயனங்கள், செயற்கை இனிப்பு என்று பதில் வந்தது. இது அவரவர் சொன்னதை எழுதி வைத்த ஆய்வு, நிரூபணம் இல்லை. சிலருக்குத் தேநீர் குடித்தாலும் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் மலையகத்தில் சாப்பாட்டு வழியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சாயத்தைத்தான் சொல்வேன். அதை விடுவதால் பிள்ளைக்கு ஒரு சத்தும் குறையப் போவதில்லை, நித்திரை நன்றாகும், இரும்புச் சத்துக்கும் நல்லது.

இரும்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரொட்டியும் சம்பலும் பருப்பும் கீரையும் சாப்பிடுகிற பிள்ளைக்கு இரும்பு கிடைப்பதே அந்தப் பருப்பிலும் கீரையிலும்தான். அதே நேரத்தில் சாயம் குடித்தால் சாயத்தில் இருக்கிற துவர்ப்புப் பொருள் அந்த இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். டிக் உள்ள பிள்ளைகளிடம் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இரும்பு குறைந்தால் டிக் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் இரும்பு குறைந்த பிள்ளை இரவில் காலை உதைத்துக்கொண்டு புரளும், சரியாகத் தூங்காது, பகலில் சிடுசிடுக்கும், வகுப்பில் மனம் நிற்காது, இவ்வளவும் சேர்ந்தால் டிக்குக்குக் கொண்டாட்டம்தான். சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்து கொடுங்கள், வீட்டுக்குப் பின்னால் கொய்யா இருந்தால் பறித்துக் கொடுங்கள். இரும்புக் குளிசை மட்டும் இரத்தம் சோதிக்காமல் கொடுக்க வேண்டாம், அளவு கூடினால் பிள்ளைக்கு நஞ்சாகிவிடும்.

சாயத்தை நிறுத்திப் பார்க்கிறவர்கள் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள், சில நாள் தலைவலியும் சிணுங்கலும் வரலாம். முதலில் இரவுக் கோப்பையை எடுங்கள், அப்புறம் பின்னேரம், கடைசியாகக் காலை. மல்லித் தண்ணியோ இஞ்சி போட்ட சுடுதண்ணியோ முடிந்தால் பாலோ அந்த இடத்தில் வைக்கலாம், பிள்ளைக்கு வேண்டியது பாதி நேரம் கையில் சூடாக ஒரு கோப்பைதான். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், தொடங்கிய பின் மூன்று நான்கு வாரம், தினமும் ஒரே நேரத்தில், பிள்ளை டீவி பார்க்கிற பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை தடவை வருகிறது என்று அதற்குத் தெரியாமல் ஒரு கொப்பியில் குறியுங்கள். அந்த நாட்களில் வேறெதையும் மாற்றாதீர்கள். குறைந்தாற்போல இருந்தால் மறுபடி சாயம் கொடுத்துப் பார்த்து, கூடுகிறதா என்று கவனித்தால்தான் உண்மை தெரியும்.

சீனி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சீனி தின்றால் பிள்ளை துள்ளும் என்ற நம்பிக்கையைப் பல தடவை ஒப்பிட்டுச் சோதித்து, 1995ல் அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. ஜெர்மனியில் சிலர் சீனியையும் சொன்னார்கள் என்றாலும் அது நிரூபணம் இல்லை. பல்லுக்காகக் குறையுங்கள், டிக்குக்காகப் பயப்பட வேண்டாம். கலர் மிட்டாய், ஐஸ் பக்கட்டுகளில் போடுகிற செயற்கை நிறங்கள் சில பிள்ளைகளின் துருதுருப்பைக் கூட்டுவதாக 2007ல் இங்கிலாந்தில் ஒரு நல்ல ஆய்வு காட்டியது, ஐரோப்பாவில் 2010 முதல் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை அச்சிட வேண்டும். அது துருதுருப்பைப் பற்றியது, டிக்கைப் பற்றியதல்ல. மக்னீசியம், விற்றமின் குளிசை, மீன் எண்ணெய் விற்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள். மீன் எண்ணெய்யை 2012ல் 33 பிள்ளைகளிடம் சோதித்தபோது டிக்கின் எண்ணிக்கை குறைந்ததாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் வாங்கலாம்.

சாப்பாட்டைவிடப் பெரியது பிள்ளையைச் சுற்றி நடப்பது. இதில்தான் நாம் குறைவாகக் கவனிக்கிறோம்.

டிக் வழமையாக ஐந்து, ஆறு வயதில் தொடங்கி, பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்துக்குப் போகிறது. நம் நாட்டில் பத்து வயதில் என்ன நடக்கிறது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. பாடசாலை விட்டதும் டியூஷன், சனி ஞாயிறும் டியூஷன், இரவு கடந்தகால வினாத்தாள், விடிய எழும்பி மறுபடி. "இந்தப் பரீட்சைதான் என் பிள்ளையை இப்படி ஆக்கியது" என்று பெற்றோர் சொன்னால் பாதி சரி. பரீட்சை இல்லாவிட்டாலும் அந்த வயதில் கூடியிருக்கும். ஆனால் பதற்றமும் நித்திரைக் குறைவும் டிக்கைக் கிளப்பும் என்பதில் சந்தேகமே இல்லை, மொழியும் வசதியும் வழி மறிக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்தப் பரீட்சை ஒன்றுதான் வாசல் என்று வீடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பதற்றம் லேசானதில்லை. டியூஷனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்பது மணிக்குப் படுக்க விடுங்கள், பின்னேரம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். ஓடியாடும்போதும், பாடும்போதும், பிடித்த வேலையில் மூழ்கியிருக்கும்போதும் டிக் குறைவதைப் பல பிள்ளைகளிடம் காணலாம்.

அடுத்தது பார்வை. "செய்யாதே, செய்யாதே" என்று சொல்லச் சொல்ல டிக் கூடும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே கூடுவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். தும்மலை அடக்குகிற மாதிரிதான், கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம், முற்றாக நிறுத்த முடியாது. அப்படியிருக்க லயத்தில் ஒரு காம்பராவும் ஒரு குசினியும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு, மலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அப்பாவின் காதில் நிமிடத்துக்கு நாலு தடவை அந்தச் செருமல் விழுகிறது. அவருக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் ஒவ்வொரு தடவை அதட்டும்போதும் அடுத்த செருமல் சீக்கிரமாக வரும். பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு தடவை நிதானமாகச் சொல்லி வைத்தால் "என்ன புள்ள, மறுபடி சளியா?" என்று தினமும் கேட்கிறது நிற்கும். வகுப்பில் நாங்கள் செய்யக்கூடியதும் இதுதான். சத்தத்தைக் காணாததுபோல் பாடத்தைத் தொடர்வது, முடியாமல் போகும்போது தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே போய்வர அனுமதிப்பது, பிள்ளைக்குச் சம்மதமென்றால் மட்டும் மற்றப் பிள்ளைகளுக்கு இது என்னவென்று விளக்குவது. கிண்டலைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். வீட்டுப்பாடம் எடுத்ததும் கழுத்து வெட்டுகிறது, பாவம் என்று அம்மா கொப்பியை மூடிவிடுகிறார். பிள்ளை நடிக்கவில்லை, ஆனால் மூளை அந்தச் சலுகையைக் கற்றுக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி அதே கணக்கைப் போடவைப்பது நல்லது.

இப்படி எங்கே கூடுகிறது, அப்போது யார் என்ன செய்கிறார் என்று பார்த்து மாற்றுவது இன்றைக்கு டிக்குக்கு முதலில் பரிந்துரைக்கப்படுகிற நடத்தைப் பயிற்சியின் ஒரு பாதி. மறு பாதி, டிக் வருவதற்கு முன் உடம்பில் எழுகிற ஒரு அரிப்பு, ஒரு இறுக்கம், அதைப் பிள்ளையே கண்டுபிடித்து, வரப்போகிற அசைவோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றைச் செய்யப் பழகுவது. கழுத்தை வெட்டுகிற பிள்ளை நாடியைச் சற்றுக் கீழே இறக்கி, கழுத்துத் தசையை மெல்ல இறுக்கி, உந்துதல் அடங்கும் வரை ஒரு நிமிடம் போல வைத்திருக்கும். செருமுகிற பிள்ளை வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து விடும். 2010ல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேல் நன்றாக முன்னேறினார்கள், வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. எந்தச் சாப்பாட்டு மாற்றத்துக்கும் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது.

புகைக்கும் ஒரு வார்த்தை. விறகுப் புகையால் டிக் உண்டாவதில்லை, ஆனால் எரிகிற கண்ணும் ஒழுகுகிற மூக்கும் சிமிட்டலையும் உறிஞ்சலையும் ஓயவிடாது. அலர்ஜி இருந்தால் அதற்கு மருந்தெடுங்கள், அடுப்பு எரியும்போது பிள்ளையை முன் காம்பராவில் இருத்துங்கள். சிலருக்கு வெக்கையும் ஒத்துவராது, கொழும்புக்குப் போனபோது கூடிவிட்டது என்றால் திருஷ்டி என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் நான் பொறுமையாக இருக்கச் சொல்ல மாட்டேன். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்துபோய் சில வாரம், சில மாதம் கழித்து, கைகால் நெளிந்து நெளிந்து ஆடினால், கோப்பை கையிலிருந்து நழுவினால், எழுத்து திடீரென்று கோணலானால், மூட்டு வீங்கினால், அது டிக் இல்லாமல் வாதக் காய்ச்சலோடு வருகிற கொரியா என்ற அசைவு நோயாக இருக்கலாம். வாதக் காய்ச்சல் இதயத்தைப் பாதிக்கிற நோய், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண டிக் தொண்டைக் கிருமியால் கூடுகிறதா என்பது 1998 முதல் இழுபறியாக இருக்கிற கேள்வி. 2021ல் ஐரோப்பாவில் 700க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அப்படித் தொடர்பு தெரியவில்லை, ஆகவே டிக்குக்கென்று அன்டிபயோட்டிக் கேட்டு வாங்காதீர்கள். பிள்ளை விழித்தபடியே நினைவு தப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வலிப்பாக இருக்கலாம், அதையும் காட்ட வேண்டும். வாந்திக்குக் கொடுக்கிற சில மருந்துகளுக்குக் கழுத்தும் கண்ணும் திடீரென இழுத்துக்கொள்ளும், குடித்த மருந்தின் பேரை மறக்காமல் சொல்லுங்கள்.

கழுத்து நோகிற அளவுக்கு, அல்லது பாடசாலைக்கே போகமாட்டேன் என்று அழுகிற அளவுக்கு வந்துவிட்டால் குளோனிடின், அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. டிக்கை முற்றாக எடுக்காது, தணிக்கும், தூக்கமும் எடை கூடுவதும் பக்கவிளைவாக வரலாம், டொக்டரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக் கூடாது. டிக்கோடு கவனக்குறைவும், திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கமும் சேர்ந்து வருவது சகஜம், பல பிள்ளைகளை வாட்டுவது டிக்கைவிட அதுதான், அதையும் சொல்லிக் கேளுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்கி, டிக்கோயா, நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளின் கிளினிக்குக்கோ, பேராதனையில் இருக்கிற சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்கிப் போகலாம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்று உள்ளே போனால், டொக்டர் முன்னால் பிள்ளைக்கு ஒன்றுமே வராது, அந்த நேரத்துக்கு அடக்கி வைத்திருக்கும். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், நமக்குச் சொல்லத் தெரியாமல் "கண்ணு அடிக்குது" என்பதோடு நின்றுவிடும். ஆகவே வீட்டில் டிக் வரும்போது பிள்ளை கவனிக்காத மாதிரி ஃபோனில் இரண்டு மூன்று சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த வயதில் எது வந்தது, எது போய் எது வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை சாயம், எத்தனை மணிக்குத் தூக்கம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருத்தரைக் கூட்டிப்போக முடியாவிட்டால் பாடசாலையில் கேளுங்கள், அந்தத் தாளைச் சிங்களத்தில் எழுதித் தர எங்களில் யாராவது ஒருவர் இருப்போம்.